ஆக்லாந்திலிருந்து ஹொனலூலு

தம்புச்செட்டித் தெருவில் இரண்டாவது மாடி.
கப்பலுக்கு ஆள் அனுப்பும் கம்பெனியில்
டிக்கெட் போடுவது என் வேலை.
நான் விமானம் ஏறியதில்லை.
ஊர்களை மூன்றெழுத்தில்தான் தெரியும்.
காலடிப்பேட்டையில் ஷேர் ஆட்டோ பிடித்து
பாரிமுனையில் இறங்குகிறவன். எட்டு கிலோமீட்டர்.
டிரெய்லர்கள் வழிவிட்டால் நாற்பது நிமிடம்.
விடாத நாளில்
ஒருவன் ஒஸ்லோவில் ஏறி பெர்லினில் இறங்கி
பெட்டியும் எடுத்திருப்பான்.

புதன்கிழமை நாலரைக்கு ஒரு போன்.
மோட்டார்மேன் கன்னியப்பனின் மனைவி, புஷ்பலீலா.
பின்னால் ஹாரன், ஹாரனுக்கு மேல் ஹாரன்.
"மாமா தவறிட்டாரு சார்.
காலைல பதினொன்னு பத்துக்கு, ஸ்டான்லில.
வண்டியிலதான் பக்கத்துல குந்தினு கீறேன்.
காலைலேந்து அவருக்கு லைனே போவல."

ஆக்லாந்தில் ஒரு கப்பலை விட்டு இறங்கி
ஹொனலூலுவில் இன்னொன்றில் ஏற வேண்டியவன்.
திரையைப் பார்த்தேன்.
விமானம் தரையை விட்டு ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

"எவ்ளோ தூரம் சார்?"
ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
"நேரமா சொல்லுங்க. மாமாவும் அப்டித்தான் சொல்வாரு,
அஞ்சு மணி ஓட்டம், ஏழு மணி ஓட்டம்னு."
எட்டு மணி ஐம்பது நிமிடம்.
"ஒம்பது மணி ஓட்டம்" என்றாள், அவருக்குச் சொல்வதுபோல.
"நாங்க மூணு மணிக்கு எடுத்தோம்.
காசிமேடு மூணு கிலோமீட்டர்கூட இல்ல.
இன்னும் கல்மண்டபமே வரல."

எப்போது இறங்குவான் என்று கேட்டாள்.
டிக்கெட்டில் இருந்ததைப் படித்தேன்:
புறப்பாடு புதன், இரவு பதினொன்று ஐம்பத்தைந்து.
வருகை புதன், காலை ஒன்பது நாற்பத்தைந்து.
"தப்பா பாக்கறீங்க சார்."
இல்லம்மா, கடல் நடுவில் ஒரு கோடு இருக்கிறது.
இப்படிப் போகிறவர்கள் அதைத் தாண்டினால்
கிழித்த தேதியைத் திரும்ப ஒட்டிக்கொள்ள வேண்டும்.

கொஞ்ச நேரம் ஹாரன் மட்டும்.
யாரோ, "மாலைய மிதிச்சிராத" என்றார்கள்.

"அப்ப அவரு எறங்கச்சொல்ல
அங்க புதன் காலைல பத்துகூட ஆவல."
ஆமாம்.
"அந்த ஊர் மணிக்கு
மாமா இன்னும் ஒண்ணேகால் மணி நேரத்துக்கு மேல
உசுரோட கீறாரு."

என் கணக்கு அப்படியல்ல.
ஒருவர் இறந்தால்
எல்லா ஊரிலும் ஒரே நொடியில்தான் இறக்கிறார்.
தேசப்பனுக்குக் கோடு கிடையாது.
இதைச் சொல்ல வாயெடுத்தேன்.
"அந்தப் பதினொன்னு பத்து வரைக்கும்
சொல்லாதீங்க சார்" என்றாள்.
வண்டி நகர்ந்திருக்க வேண்டும்,
லைன் போய்விட்டது.

இரவு ஒன்றேகாலுக்கு
என் போனில் அந்தப் புள்ளி தீவைத் தொட்டு நின்றது.
அவர்களுடைய பதினொன்று பத்து
நமக்கு இரண்டு நாற்பது.
மூன்று முறை கூட்டிப் பார்த்து அலாரம் வைத்தேன்,
பிறகு தூங்கவே இல்லை.
வெளியே திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்
பகலெல்லாம் நின்ற கன்டெய்னர்கள்
காலிச் சாலையில் பறந்துகொண்டிருந்தன.
காசிமேட்டில் எல்லாம் முடிந்திருந்தது.
வண்டி ஐந்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்ததாம்.

போன் அடித்தது. அலாரம் அல்ல.
"சார், கன்னியப்பன். வந்து சேந்துட்டேன்.
ஏர்போர்ட் வைஃபைல பேசறேன்.
வூட்ல யாரும் எடுக்க மாட்றாங்க.
அப்பாவுக்கு எப்டி கீது, எதுனா தெரியுமா?"

அங்கே மணி பதினொன்று எட்டு.

"இருக்காரு" என்றேன்.
பெட்டி வந்துவிட்டதா என்று கேட்டேன்.
இன்னும் வரவில்லை என்றான்.
என்ன நிறம் என்று கேட்டேன்.